சங்கிலி எடை குறைந்து வந்தால்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மாமியார் கொடுத்த வெள்ளிக் கிண்ணங்கள் கறுத்துவிட்டன. வெள்ளி துலக்கும் திரவம் ஒன்று பார்த்தேன், விலை அதிகம். பற்பசை போட்டுத் தேய்த்தாலே பளபளக்கும் என்கிறார் நாத்தனார். எதைச் செய்வது?

பதில்: இரண்டுமே வேண்டாம். பற்பசையில் இருக்கும் நுண்பொடி பல்லைத் தேய்ப்பதற்கானது, வெள்ளி பல்லின் எனாமலை விட மிருது. தேய்த்த கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மயிரிழை போலக் கீறல்கள் தெரியும். அந்தக் கறுப்பு வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து உண்டாவது. கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளைப் பரப்பி, கிண்ணம் அதைத் தொடுகிற மாதிரி வைத்து, சமையல் சோடா தூவி, நன்றாகச் சூடான தண்ணீரை மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி தேயாது. அழுகிய முட்டை வாடை லேசாக வரும், பயப்படாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கல், முத்து, பசை போட்டு ஒட்டிய கைப்பிடி உள்ளவற்றுக்கு இதைச் செய்யக் கூடாது. பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றிய சித்திர வேலை இருந்தாலும் வேண்டாம், அந்தக் கறுப்பும் சேர்ந்தே போய்விடும்.

கேள்வி: பாட்டியின் சங்கிலியில் கொக்கி அறுந்துவிட்டது என்று ஒரு கடையில் பற்றவைக்கக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு "நம்பிக்கை இல்லையா அம்மா?" என்றார்கள், கூச்சமாகிப் பேசாமல் வந்துவிட்டேன். பாகம் பிரித்தபோது எடை போட்டு 24 கிராம் என்று எழுதி வைத்திருந்தோம். திரும்பி வந்தது 21.5 கிராம். கேட்டால் சேதாரம், அழுக்குப் போனது என்கிறார்கள். என் அக்கா என்னைத்தான் திட்டுகிறாள்.

பதில்: முதலில், உங்கள் அக்கா திட்ட வேண்டிய ஆள் நீங்கள் இல்லை. ரசீது கேட்டீர்கள், அவர்கள் உங்களைக் கூச்சப்பட வைத்தே அதைத் தராமல் தப்பித்தார்கள். "நம்பிக்கை இல்லையா" என்ற அந்த ஒரு வாக்கியத்தால் ஏமாந்தவர்கள் எழுதுகிற கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஒரு கொக்கியைப் பற்றவைத்தால் அரத்தில் போவது மில்லிகிராம் கணக்கு, அதோடு பற்றவைக்கப் போடும் உலோகப் பொடி சேர்வதால் எடை கூடவும் செய்யும். பழைய சங்கிலியின் இடுக்குகளில் அழுக்கு இருக்கும், உண்மைதான். ஆனால் இரண்டரை கிராம் அழுக்கு அந்த அளவுச் சங்கிலியில் தங்க இடமே கிடையாது. எனவே ஒன்று, வளையங்களை வெட்டி எடுத்திருக்க வேண்டும், இல்லை சங்கிலியையே மாற்றியிருக்க வேண்டும். நீளத்தை அளந்து, பாட்டி அணிந்திருக்கும் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம் ஒரு பூதக்கண்ணாடி எடுத்து, வளையமும் வளையமும் உரசும் இடத்தைப் பாருங்கள். பல வருஷம் கழுத்தில் கிடந்த சங்கிலியில் அந்த உள்பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கும். எல்லா வளையமும் சுற்றிலும் ஒரே பருமனாக இருந்தால் அது உங்கள் பாட்டியுடையது இல்லை. வேறொரு இடத்தில் எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்துத் தூய்மையையும் பார்த்துவிடுங்கள். 22 காரட் என்றால் 91.6 சதவீதம், 18 என்றால் 75. முன்பு 22 காரட்டாக இருந்தது இப்போது குறைவாகக் காட்டினால் பதில் கிடைத்துவிட்டது. நகையை வாங்க ஆர்வம் காட்டாத ஒருவரிடம்தான் சோதிக்க வேண்டும். வாங்கப் போகிறவர் சொல்லும் மதிப்பு அவருக்கு வசதியான மதிப்பாகத்தான் இருக்கும்.

பாகம் பிரித்த தாள், பழைய படங்கள், கடைக்குச் செய்த அழைப்புகள், அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாமே சான்று. "இந்தத் தேதியில் இதைக் கொடுத்தேன், இப்படித் திரும்பி வந்தது" என்று கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள். பழுதுபார்க்க வாங்கிய பொருளைப் பத்திரமாகத் திருப்பித் தருவது வாங்கியவரின் பொறுப்பு என்பது பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. பதில் வராவிட்டால் நுகர்வோர் புகாராக எடுத்துப் போங்கள்.

மற்ற எல்லோருக்கும் சொல்கிறேன், இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. புதுச் செருப்பு பிய்ந்தால் பணம் திரும்பக் கேட்கலாம், வேறு செருப்பு வாங்கலாம். பாட்டியின் சங்கிலிக்கு நீங்கள் ஜெயித்தாலும் கிடைப்பது தங்கத்தின் விலை மட்டும்தான். ஆகவே பொருளைக் கொடுப்பதற்கு முன்பே சண்டையைப் போட்டுவிட வேண்டும். பொருள் தராசில் இருக்கும்போது எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். கல் இருந்தால் எண்ணி எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல், நெளிவு எல்லாம் ரசீதில் வர வேண்டும். "சங்கிலி ஒன்று" என்று மட்டும் எழுதிய சீட்டு சீட்டே இல்லை. எந்த வேலை, எவ்வளவு கூலி, எப்போது கிடைக்கும், யார் கையெழுத்து, எல்லாம் இருக்கட்டும். முகம் சுளிக்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்கள் நீங்கள் கேட்காமலே எடை போட்டு எழுதித் தருவார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கும் பாதுகாப்பு.

கேள்வி: வினிகரும் சமையல் சோடாவும் கலந்து பாட்டிலில் அடைத்து வீட்டுத் துப்புரவுத் திரவமாக வைத்துக்கொண்டால் செலவு மிச்சமா?

பதில்: இல்லை. நுரை அடங்கியதும் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர், ஒன்றின் பலத்தை மற்றது தின்றுவிடும். மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கவும் செய்யும். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். பிளீச்சிங் திரவத்தோடு மட்டும் வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

கேள்வி: இணையத்தில் ஒருவரிடம் பழங்காலச் சுவர்க் கடிகாரம் வாங்கினேன். ஒரே ஒரு படம்தான் போட்டிருந்தார், அதுவும் தெளிவில்லை. தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் விலை குறைப்பதாகச் சொன்னதால் அனுப்பினேன். வந்தது ஓடவில்லை, உள்ளே பேட்டரி இயந்திரம். இப்போது என்ன செய்யலாம்?

பதில்: வங்கியிடம் உடனே புகார் கொடுங்கள், விற்றவரின் கணக்கைத் தளத்துக்குத் தெரிவியுங்கள். பணம் வருமா என்று கேட்டால், வாய்ப்பு மிகக் குறைவு. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள் என்று அந்தத் தளமே எச்சரித்திருக்கும், படித்தும் அனுப்பினீர்கள். பின்பக்கக் கதவைத் திறந்து ஒரு படம், ஓடும் சத்தத்தோடு ஒரு காணொளி, இரண்டைக் கேட்டிருந்தால் போதும். கேட்கச் சோம்பல்பட்டவருக்கு நான் என்ன ஆறுதல் சொல்வது?

கேள்வி: அப்பா குரல் பதிவான ஒலிநாடாக்களும் கல்யாண வீடியோ கேசட்டுகளும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் தபாலில் அனுப்பினால் கணினிக் கோப்பாக மாற்றித் தரும் சேவை ஒன்று இருக்கிறது. நெகட்டிவ்களும் உண்டு, அதற்கு மலிவான ஸ்கேனர் வாங்கலாமா?

பதில்: தள்ளிப் போடாதீர்கள். வீடியோ கேசட்டின் விஎச்எஸ் வடிவம் 1976இல் வந்தது, அதற்கான பிளேயர்களைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் நிறுத்திவிட்டது. ஓடுகிற பிளேயர் இனி குறைந்துகொண்டேதான் போகும்.

ஆனால் மொத்தப் பெட்டியையும் ஒரே தபாலில் அனுப்பாதீர்கள். அந்தச் சேவையின் நிபந்தனைகளைப் படியுங்கள். தொலைந்தால் காலி கேசட்டின் விலை மட்டும் தருவோம் என்று பல இடங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். அதிகம் முக்கியமில்லாத ஒன்றை முதலில் அனுப்பி, தரத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள், முடிந்தால் நேரில். கேசட்டின் கண்ணாடி வழியாகச் சுருளைப் பாருங்கள், வெள்ளைப் பொடி படர்ந்திருந்தால் அது பூஞ்சை, வீட்டு பிளேயரில் போடவே கூடாது. அப்பாவின் குரலுக்குச் சேவையே தேவையில்லை. பழைய பிளேயரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர் போதும், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்து டபிள்யூஏவி கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் நாடாவின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு குட்டித் தகடுகளையும் உடைத்துவிட்டால் யாரும் தவறுதலாக மேலே பதிய முடியாது.

ஸ்கேனர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பெட்டியில் 22 மெகாபிக்சல் என்று பெரிதாக அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கினேன். உள்ளே சென்சார் 14தான், மீதியை மென்பொருள் ஊதிப் பெருக்கிக் காட்டியது. அம்மாவின் முகத்தைப் பெரிதாக்கினால் கண் இமையே தெரியவில்லை, மெழுகு பூசிய மாதிரி இருந்தது. அட்டைப்பெட்டியின் எண்ணைப் பார்க்காமல் சென்சாரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைச் சொல்லாத பொருளைத் தொடாதீர்கள்.

கேள்வி: என் கணவர் குழந்தையாகத் தூங்கிய மரத் தொட்டிலில்தான் பேரப்பிள்ளையும் தூங்க வேண்டும் என்கிறார் மாமியார். பெயின்ட் உரிகிறது. புதிதாகப் பூசினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம், குழந்தை விளிம்பைக் கடிக்கும், உரிந்த செதிலை வாயில் போடும். உலர்வாக உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும், தேய்க்கவே தேய்க்காதீர்கள். குச்சிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலும், பக்கச் சட்டம் ஏறி இறங்குவதாக இருந்தாலும் ஆபத்து. மாமியாரின் ஆசை எனக்குப் புரிகிறது, அதை மட்டம் தட்டாமல் பேசுங்கள். உரியாத பாகங்களைக் கொண்டு பெரியவர்கள் அறையில் ஒரு சால்வை தொங்கவிடும் சட்டம் செய்து அவர் கண்முன்னே வைக்கலாம். குழந்தைக்குப் புதுத் தொட்டில்தான்.

கேள்வி: போன வருஷம் காலமான கணவரின் சட்டைகளை வைத்துப் போர்வை தைக்க ஆசை. "நினைவுப் போர்வை" என்று தொகுப்பாக விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்தத் தொகுப்பில் இருப்பதெல்லாம் ஒரு அட்டை, நூல், சதுரமாக வெட்ட ஒரு அளவுத்தாள். ஒரு பழைய காலண்டர் அட்டையை வெட்டினாலே அளவு கிடைத்துவிடும். சட்டைத் துணிக்கு 80/12 ஊசி போதும். டி-ஷர்ட் மாதிரி பனியன் துணி இருந்தால் இழுபடும், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உள்துணியை முதலில் பின்னால் ஒட்டிவிடுங்கள். அடிப்பக்கத்துக்குப் புதுத் துணி வாங்கினால் துவைத்த பிறகே வெட்டுங்கள். சட்டைகள் ஏற்கெனவே பலமுறை துவைத்துச் சுருங்கியவை, புதுத் துணி இனிமேல்தான் சுருங்கும், இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே போர்வை கோணிக்கொள்ளும். பைகளைப் பிரிக்காமல் அப்படியே ஒரு சதுரமாக வெட்டுங்கள், பொத்தான் பட்டியையும்தான். முதல் வெட்டு மட்டும் அவர் அதிகம் அணியாத சட்டையில் இருக்கட்டும்.

கேள்வி: தாத்தாவின் கைக்கடிகாரத்துக்கு டயலைப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். முள்ளில் இருந்த பச்சை ஒளியும் இப்போது இல்லை.

பதில்: டயலைத் தொட விடாதீர்கள். புதுப்பித்த டயலுக்கு மதிப்பு குறையும், தாத்தா பார்த்த எழுத்தும் போய்விடும். 1960கள் வரை பல கடிகாரங்களின் ஒளிக்கு ரேடியம் பூசினார்கள். உங்களுடையதும் அப்படியென்றால், ஒளி அணைந்தது கூடவே இருந்து ஒளிர்ந்த துத்தநாக சல்ஃபைடு தேய்ந்ததால், ரேடியம் அப்படியே இருக்கிறது, அது பாதியாகவே 1600 வருஷம் ஆகும். எனவே வீட்டில் பின்மூடியையோ கண்ணாடியையோ திறக்காதீர்கள், பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள், பழுதுபார்ப்பவரிடம் ரேடியமாக இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே காய்ந்த எண்ணெயைச் சுத்தம் செய்து புதிதாக இடுவது மட்டும் போதும் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ஏதாவது பாகம் மாற்றினால், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.