ஒரு படத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்பது?

கேள்வி: ஓவியக் காட்சிக்கூடத்துக்குப் போனால் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுகிறேன். ஒரே படத்தின் முன் நெடுநேரம் நிற்பவர்கள் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

நீங்கள் பெயர் சொல்லிவிட்டு நகர்ந்த பிறகும் படத்தில் மிச்சமிருப்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். 'இது லட்சுமி', 'இது ராஜா', 'இது குளம்' என்று மனம் சொன்னவுடன், வேலை முடிந்தது என்று கண் நின்றுவிடுகிறது. எங்கள் காரைக்குடிப் பக்கம் இது இன்னும் சிரமம். சாமி படத்தைக் கண்டால் கை தானாகக் குவியும். கும்பிட்டு முடித்தபின் படத்தை யார் பார்க்கிறார்கள்?

வேகமாகப் பார்ப்பவர் நீங்கள் மட்டும் இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து எழுதிய ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னால்கூட மக்கள் சராசரியாக நின்றது 27 விநாடிதான்.

எங்கள் ஊர் வீடுகளிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். ராஜா ரவி வர்மா 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்த லட்சுமியும் சரஸ்வதியும் அங்கிருந்து நாடெங்கும் போனார்கள். செட்டிநாட்டு வீடுகளின் வளவுகளுக்கும் வந்தார்கள். சுவரின் உயரத்தில், முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்கள். கீழிருந்து பார்த்தால் தாமரைமேல் நிற்கும் லட்சுமி, அவ்வளவுதான். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். சில படங்களில் சேலை மட்டும் மேடாகத் தெரியும். அது நிஜத் துணி. படத்தை வாங்கிய பிறகு, சேலையின் அளவுக்குத் துணியை வெட்டி ஒட்டி, ஜரிகையும் சமிக்கியும் மணியும் வைத்து அலங்கரித்திருக்கிறார்கள். முகமும் கைகளும் மட்டும் அச்சில் வந்தபடியே இருக்கும்.

உறவினர் வீட்டில் இப்படி ஒரு படம் உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பதற்காக அதை இறக்கிச் சாய்த்துவைத்திருந்தார்கள். எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் மினுமினுப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பிறகு துணி எங்கே முடிகிறது என்று அதன் விளிம்போடு கண்ணை நடத்தினேன். கொசுவம், அச்சிலிருந்த மடிப்புகளின்படி போகவில்லை. ஒட்டியவர் தமக்குப் பழகிய சேலைக்கட்டின்படி மடித்திருக்கிறார். முந்தானை கையை ஒட்டிப் போகும் இடத்தில் துணி கொஞ்சம் அதிகப்பட்டு விரலோரத்தை மூடியிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் கூடுதலாக ஒரு மணிச்சரம். கழுத்து ஆரத்தில் ஒரு பக்கத்து மணிகள் சற்றுப் பெரியவை. வாங்கிவைத்த மணி தீர்ந்துபோயிருக்க வேண்டும். யார் செய்தது என்று அந்த வீட்டு ஆச்சியிடம் கேட்டேன். மாமியாரின் மாமியார் காலத்தில் வீட்டுப் பெண்கள் மதிய வேளைகளில் உட்கார்ந்து செய்தது என்பதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் யோசித்ததும் தயங்கியதும் தீர்மானித்ததும் மட்டும் அந்தத் துணியில் இருக்கின்றன. அரை மணி நேரம் உட்காராமல் அவற்றை நான் பார்த்திருக்க முடியாது. அசல் ரவி வர்மா ஓவியங்களைவிட இந்தப் படம்தான் எனக்குப் பெரிது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும் இத்தகைய படங்கள் கிடைக்கும். அங்கே அவை கண் மட்டத்தில் இருப்பது ஒரு வசதி. "பார்த்துக்கொள்கிறேன் அண்ணே" என்று அனுமதி கேட்டுவிட்டு நில்லுங்கள்.

நேரம் ஏன் தேவை என்பதைச் சித்தன்னவாசல் உடம்புக்கே உணர்த்திவிடும். செட்டிநாட்டுக்கு வடக்கே, புதுக்கோட்டையைத் தாண்டியிருக்கும் சமணக் குடைவரை அது. ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியனின் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வெயிலில் கொதிக்கும் பாறையிலிருந்து உள்ளே நுழைந்தால், விதானத்தில் வரைந்திருக்கும் தாமரைக் குளம் வெறும் கறையாகத்தான் தெரியும். பலரும் "எல்லாம் அழிந்துவிட்டது" என்று வருத்தப்பட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். அதுவரை பொறுத்தவர்களுக்கு ஒவ்வொன்றாகத் துலங்கும்: தாமரை இலை, மொட்டு, மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். அந்தக் குளத்துக்குக் கரையோ அடிவானமோ கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றினால் மேலும் கீழும் மாறிவிடும். தூண்களில் ஆடும் பெண்களின் கைகளைக் கடைசியில் பாருங்கள். பாதி அழிந்த கோட்டிலும் வளைவு உயிரோடு இருக்கிறது.

காட்சிக்கூடத்தில் எப்படித் தொடங்குவது? முதலில் ஒரு சுற்று வேகமாக வாருங்கள், அதில் தவறே இல்லை. மனம் திரும்பிப் போகும் ஒரு படத்திடம் மட்டும் திரும்புங்கள். குறிப்புப் பலகையைக் கடைசியில் படியுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, யாருடைய பார்வை யாரிடம் போகிறது, படத்தின் ஓரங்களில் என்ன வெட்டுப்படுகிறது என்று கேட்டுக்கொண்டே போகலாம். சலிப்பு வரும், கட்டாயம் வரும். அப்போது படத்தை விட்டுப் போகாமல் நிற்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள்: கிட்டே, தள்ளி, பக்கவாட்டில். பிறகு முதுகைக் காட்டி நின்று, என்னென்ன நினைவிருக்கிறது என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். திரும்பியதும் விட்டுப்போனதெல்லாம் கண்ணில் படும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், தம் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறார். அமெரிக்க ஓவியர் கோப்லி 1765இல் வரைந்த, அணிலோடு இருக்கும் சிறுவனின் படத்தில் அவரே அதைச் செய்து பார்த்திருக்கிறார். பின்னாலிருக்கும் திரையின் மடிப்புகள் சிறுவனின் காதையும் கண்ணையும் போல அமைந்திருப்பது அவருக்குப் புலப்பட 45 நிமிடம் ஆயிற்று.

உங்களுக்கு முதல் தடவை பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்தும் ஒரே படத்துக்கு. சித்தன்னவாசல் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்தில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது.