'ஓது' என்ற வினையை எங்கெல்லாம் எழுதலாம்?

எந்தக் கனத்த குரல் பேச்சுக்கும் 'ஓதினார்' என்று எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. குரல் மட்டும் போதாது, சொல்லப்படுவதும் புனிதமானதாக இருக்க வேண்டும்.

நெல்லையப்பர் சந்நிதியில் சம்பந்தர் பதிகத்தைப் பண்ணோடு பாடுகிறவருக்கு ஓதுவார் என்றே பெயர். மேலப்பாளையம் முஸ்லிம் வீடுகளில், குர்ஆனின் ஓர் அத்தியாயமான யாசீனைக் குறித்து 'யாசீன் ஓதியாச்சா?' என்பார்கள், பிள்ளைகள் அரபி மதரஸாவுக்குப் போவதும் 'ஓதப் போறது'தான். பாளையங்கோட்டைக் கத்தோலிக்கர் வீடுகளிலோ ஜெபமாலை 'சொல்லுவாங்க', ஓத மாட்டார்கள். இதெல்லாம் வழக்கம், இலக்கணம் அல்ல.

'கலெக்டர் அறிக்கையை ஓதினார்' என்று எழுதினால் நம்மூரில் நக்கல் என்றே எடுத்துக்கொள்வார்கள். 'சாத்தான் வேதம் ஓதுது' என்பதன் குத்தலும் அங்கேதான் இருக்கிறது. கலெக்டருக்கு 'நிறுத்தி, அழுத்தமாக வாசித்தார்' போதும். 'மனைவி காதில் ஓதிவிட்டாள்' என்றால் கோள்மூட்டல். அது தனிக் கதை.