அமெரிக்காவின் மேக் லாரியின் மூக்கில் நாய் பொம்மை ஏன்? சிலவற்றில் மட்டும் அது தங்க நிறத்தில் இருப்பது எதற்கு?

அந்த நாய் முதல் உலகப் போரில் வந்த பட்டப்பெயர். மேக் சகோதரர்கள் 1900-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய நிறுவனம் 1916-இல் ஏசி (AC) என்ற மாடல் லாரியை விட்டது. அதில் ரேடியேட்டர் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும். அதனால் முகம் சப்பையாகத் தெரியும். சேற்றில் சளைக்காமல் இழுத்ததைப் பார்த்த பிரிட்டிஷ் வீரர்கள் அதைப் புல்டாக் (சப்பை முக நாய்) என்று அழைத்தார்களாம்.

பொம்மையாகச் செதுக்கியவர் மேக்கின் தலைமைப் பொறியாளர் ஆல்ஃபிரட் மசூரி. 1932-இல் மருத்துவமனையில் படுத்திருந்தபோது சும்மா இருக்க முடியாமல் செய்த வேலை அது! பாவம், மறு ஆண்டே அமெரிக்கக் கடற்படையின் ஏக்ரான் வான்கப்பல் விபத்தில் இறந்துபோனார்.

சரி, நிறம். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாமே மேக் தயாரிப்பு என்றால் தங்க நாய். வேறு நிறுவனத்து இன்ஜினோ கியர்பாக்ஸோ இருந்தால் வெள்ளி நிறம். பழைய உரிமையாளர்களுக்கு இது கௌரவப் பிரச்சினை.

ஓட்டியவர்கள் அதிகம் பேசுவது இரண்டைப் பற்றி. 1953-இல் வந்த பி வரிசையில் பல வண்டிகளுக்கு இரண்டு கியர் கம்பிகள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற, ஸ்டீயரிங்குக்குள் ஒரு கையை விடுவார்கள். எனக்கு அது சர்க்கஸ்தான். அப்புறம் 1960களின் பிற்பகுதியில் மேக்ஸிடைன் இன்ஜின் வந்தது. இன்ஜின் சுழற்சி குறைந்தாலும் இழுவிசை குறையாததால் ஐந்து கியரே போதும் என்றானது. அந்த நிம்மதியைத்தான் இன்றும் புகழ்கிறார்கள்.

2001 முதல் உரிமை சுவீடனின் வோல்வோ குழுமத்திடம். நாயை மட்டும் மாற்றவில்லை.