பழைய வீட்டுக் குழாய்நீரில் ஈயம்: கொதிக்கவைத்தால் போதுமா?

கேள்வி: சிறு நகரம் ஒன்றில் பழைய வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். எட்டு மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால்தான். காலையில் குழாயைத் திறந்ததும் தண்ணீரில் லேசான உலோகச் சுவை. நகராட்சியில் கேட்டால், தண்ணீர் சோதனையில் தேறிவிட்டது என்று அறிக்கையைக் காட்டுகிறார்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரிலும் எண் சரியாகத்தான் இருக்கிறது. பழைய குழாயிலிருந்து ஈயம் கலக்கும் என்கிறார்களே, கொதிக்கவைத்துக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. ஈயத்தைப் பொறுத்தவரை கொதிக்கவைப்பது நிலைமையைக் கொஞ்சம் மோசமாகவே ஆக்கும். கிருமி சாகும், ஈயம் ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்ற, மிச்சமிருப்பதில் அதன் அடர்த்தி கூடும். அதற்காகக் கொதிக்கவைப்பதை நிறுத்திவிடாதீர்கள், குழந்தைக்கு அது வேண்டும். அடுப்பில் எந்தத் தண்ணீரை ஏற்றுகிறீர்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

நகராட்சி சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிளம்பும் நீரில் பெரும்பாலும் ஈயம் இருப்பதில்லை. அது சேருவது கடைசிச் சில மீட்டர்களில்: தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய், செம்புக் குழாய்களைப் பற்றவைத்த இடங்கள், பித்தளை டேப், வால்வு. அதனால் பக்கத்து வீட்டில் இல்லாத ஈயம் உங்கள் வீட்டில் இருக்கலாம். ஊர் முழுமைக்குமான அறிக்கை உங்கள் அடுப்படிக் குழாயைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஈயத்துக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. நீங்கள் உணரும் சுவை இரும்பு, செம்பு, துத்தநாகம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் அதை அலட்சியப்படுத்த மாட்டேன். தண்ணீர் உலோகத்தை அரிக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். டிடிஎஸ் மீட்டரை இந்த விஷயத்தில் மறந்துவிடுங்கள். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மீட்டரில் ஓர் எண் ஏற வேண்டுமானால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுக்கு உப்பு கூட வேண்டும், அதாவது அந்த வரம்பைப் போல 100 மடங்கு.

"இந்தக் குழாய் எத்தனையோ வருஷமா இருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது சொல்வார்கள். பழைய குழாயின் உட்புறத்தில் காலப்போக்கில் ஒரு படலம் படிந்து, உலோகத்தையும் தண்ணீரையும் பிரித்து வைக்கும். தண்ணீரின் தன்மை மாறினால் அந்தப் படலம் கரைந்துபோகும். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் 2000-ல் கிருமி நீக்கத்துக்குக் குளோரினுக்குப் பதில் குளோரமினுக்கு (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) மாறினார்கள், அடுத்த சில ஆண்டுகளில் வீடுகளில் ஈயம் ஏறிவிட்டது. அதே நாட்டின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் ஆற்று நீருக்கு மாறியபோது அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை, அங்கும் ஈயம் ஏறியது. இரண்டு ஊரிலும் குழாய்கள் அதேதான், தண்ணீர்தான் மாறியது.

ஆகவே நகராட்சியிடம் "தண்ணீர் நல்லதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்: சமீபத்தில் நீர் ஆதாரமோ கிருமிநாசினியோ மாறியதா? அரிப்பைத் தடுக்க பாஸ்பேட் சேர்க்கிறார்களா, அல்லது அமிலத்தன்மையைச் சரிசெய்கிறார்களா? என் வீட்டு இணைப்புக் குழாய் எந்த உலோகம் என்று பதிவு இருக்கிறதா? சின்ன ஊரில் நீர்நிலையத்தைப் பார்த்துக்கொள்பவரிடமே நேரில் பேச முடியும். இந்த வாய்ப்பு பெரிய நகரத்தில் கிடைக்காது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

குழாயை நீங்களே பார்க்கலாம். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் நாணயத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மங்கிய சாம்பல் நிறமும் மென்மையும் உள்ள குழாய், சுரண்டிய இடத்தில் வெள்ளியாகப் பளபளத்து, காந்தமும் ஒட்டாமல் இருந்தால் அது ஈயம். செம்பு சுரண்டினால் செம்பு நிறம் காட்டும். காந்தம் ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்பு. தண்ணீர் வரும் வழியில் அதற்கு முன்பாக எப்போதாவது ஈயக் குழாய் இருந்திருந்தால் இரும்புக் குழாயின் துருவும் ஈயத்தைப் பிடித்துவைத்திருக்கும். செம்போ பிளாஸ்டிக்கோ தெரிந்தாலும் சோதனையைத் தவிர்க்காதீர்கள், பற்றவைப்பும் பித்தளையும் வெளியே தெரியாது.

சோதனையை நம்பகமான ஆய்வகத்தில் செய்யுங்கள். வண்ணம் மாறும் பட்டைகள் இவ்வளவு நுண்ணிய அளவுக்கு உதவாது. குழாயை இரவு முழுக்க, குறைந்தது 6 மணி நேரம், திறக்காமல் விட்டு, காலையில் வரும் முதல் 1 லிட்டரை அப்படியே பிடியுங்கள். அப்புறம் சில நிமிடம் ஓடவிட்டு இன்னொரு மாதிரி. முதலாவதில் மட்டும் அதிகம் என்றால் டேப்பையும் அருகிலுள்ள பாகங்களையும் சந்தேகிக்கலாம். இரண்டாவதிலும் அதிகம் என்றால் இணைப்புக் குழாய்வரை பார்க்க வேண்டும். மாதிரி எடுக்கும்முன் குழாய் வாயிலுள்ள வலையைக் கழுவாதீர்கள், எடுத்த பிறகு கழுவுங்கள். ஈயத் துணுக்குகள் அங்கேதான் தங்கும். அவை எப்போது உதிரும் என்று சொல்ல முடியாது என்பதால், முடிவு நன்றாக வந்தாலும் சில மாதம் கழித்து ஒருமுறை திரும்பச் சோதிப்பேன்.

முடிவு வரும்வரை குழந்தைக்கு வேறு பாதுகாப்பான நீரையோ, ஈயத்தை நீக்கும் வடிகட்டியில் வந்த நீரையோ கொடுங்கள். இதில் தாமதம் வேண்டாம். சிறு குழந்தைகள் உட்கொள்ளும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு வயிற்றில் போவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஈயம் பாதிப்பது வளரும் மூளையை, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. மற்றவர்கள் குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, தண்ணீர் நன்றாகக் குளிர்ந்ததும் பிடித்துக் குடிக்கலாம், சமைக்கலாம். முதலில் ஓடுவதைப் பாத்திரம் துலக்க வைத்துக்கொள்ளுங்கள். சுடுநீர்க் குழாயிலிருந்து குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், சூடான நீர் ஈயத்தை இன்னும் வேகமாகக் கரைக்கும். குளிக்கப் பயமில்லை, தோல் வழியே அது உள்ளே போவதில்லை.

வடிகட்டி வாங்கும்போது அட்டையில் ஈயம் நீக்குவதாகச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், என்எஸ்எஃப் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் 53-ஆம் எண் தரம், அல்லது ஆர்ஓ கருவிக்கு 58. சுவையும் குளோரினும் மட்டும் நீக்கும் கார்பன் ஜாடி இதற்கு ஆகாது. ஆர்ஓ நீர் உலோகத்தை அரிக்கக்கூடியது. அது பித்தளைக் குழாய் வழியே வரும்படி அமைக்காதீர்கள்.

குழந்தைநல மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். குழந்தை ஏற்கெனவே எவ்வளவு வாங்கியிருக்கிறது என்பதற்கு வேறு வழியில் விடை கிடையாது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால் மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்து நீக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். அந்தத் தேடலில் சுவரின் பழைய பெயின்டையும் விட்டுவிடாதீர்கள். தவழும் குழந்தை உதிர்ந்த பெயின்ட் தூசியைக் கையோடு வாயில் வைக்கும்.

ஈயக் குழாய் என்று உறுதியானால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் பாதியை மட்டும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். வெட்டும்போது ஏற்படும் அதிர்விலும், புதிய செம்பும் பழைய ஈயமும் சேரும் இடத்து அரிப்பிலும் சில காலம் ஈயம் முன்பைவிட ஏறும். தெருவிலிருந்து வீடுவரை முழுதாக மாற்றச் சொல்லி நகராட்சியோடு பேசி முடிவெடுங்கள். மாற்றிய பிறகும் 6 மாதம்வரை வடிகட்டியை விடாமல் பயன்படுத்தி, குழாய் வலைகளை அடிக்கடி கழற்றிக் கழுவிக்கொண்டிருங்கள்.