சட்டம் கேளுங்கள்: ஆவணம் இல்லாதவரின் நிலம்

கேள்வி: நாங்கள் பணியர் என்ற பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். காட்டை ஒட்டிய ஒன்றரை ஏக்கரில் என் தாத்தா காலத்திலிருந்து குடியிருந்து, காப்பியும் குறுமிளகும் பயிரிட்டு வருகிறோம். வன உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் விசாரிக்கப் போனபோது, "பழைய ஆவணம் எதுவும் இல்லை, தள்ளுபடி ஆகிவிட்டது" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களை வெளியேற்றிவிடுவார்களா?
– ஒரு வாசகர், பந்தலூர் வட்டம்

பதில்: உங்கள் உறக்கத்தைக் கெடுப்பது கடைசிக் கேள்விதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவு, உரிமைகளை அங்கீகரித்துச் சரிபார்க்கும் நடைமுறை முழுமையாக முடியும்வரை, காட்டில் வாழும் பழங்குடியினரை அவர்கள் அனுபவத்தில் உள்ள வன நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று சொல்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 13 அன்று பிறப்பித்த உத்தரவு பெரும் அச்சத்தை உண்டாக்கியது உண்மை. ஆனால் அதே மாதம் 28-ஆம் தேதி அந்த உத்தரவை உச்ச நீதிமன்றமே நிறுத்தி வைத்து, நிராகரிப்புகள் எந்த முறையில் நடந்தன என்று விளக்குமாறு மாநில அரசுகளைக் கேட்டது. ஆகவே, யாரோ வாயால் சொன்னதை நம்பி வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள்.

அடுத்து, உங்களுக்கு வந்தது சட்டப்படி ஒரு நிராகரிப்பே ஆகாது. இந்தச் சட்டத்தில் உரிமைக்கோரிக்கையைப் பெறும் இடம் கிராம சபை. அதன் வன உரிமைக் குழு நேரில் வந்து நிலத்தைப் பார்க்க வேண்டும். கிராம சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அது கோட்ட அளவிலான குழுவுக்கும், பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்கும் போக வேண்டும். இந்த வரிசைக்கு வெளியே தனி அதிகாரி ஒருவர், அவர் எந்தத் துறையினராக இருந்தாலும், கோரிக்கையைத் தள்ளுபடி செய்ய இயலாது. கிராம சபையின் பரிந்துரையை மேற்குழுக்கள் மாற்றினாலோ மறுத்தாலோ விரிவான காரணங்களை எழுத வேண்டும்; அந்த முடிவைக் கோரிக்கையாளரிடம் நேரில் தெரிவிக்கவும் வேண்டும். அதன் பிறகு மேல்முறையிட 60 நாள் அவகாசம் உண்டு. முடிவே கைக்கு வராதபோது எந்த நாளிலிருந்து அறுபதை எண்ணுவது? எனவே முதல் வேலையாக, உங்கள் கோரிக்கை இப்போது எந்தக் குழுவிடம் இருக்கிறது, அதன்மீது நிறைவேற்றிய தீர்மானங்களின் நகல் என்ன என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

ஆவணம் இல்லை என்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். வயநாட்டிலும் கூடலூர்ப் பகுதியிலும் பணியர்கள் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளர்களிடம் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது. தன் உழைப்பே தனக்குச் சொந்தமில்லாதிருந்த உங்கள் தாத்தாவின் பெயரில் தீர்வை ரசீது எழுத யார் முன்வந்திருப்பார்கள்? அவரை ஏட்டில் ஏற்றாமல் விட்ட அதே அதிகாரம், இன்று அவருடைய பேரனிடம் ஏட்டைக் காட்டு என்று கேட்பது கொடுமை என்றே நான் கருதுகிறேன். இந்தச் சட்டத்தின் முகப்புரையும் அந்தப் பழைய தவறை மறைக்காமல், வனப் பழங்குடியினருக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் இதன் விதி 13, சான்றுகளின் பட்டியலை மிக அகலமாக வைத்திருக்கிறது. வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது ஆகியவற்றோடு, நீங்கள் கட்டிய குடிசை, சமன்படுத்திய நிலம், போட்ட வரப்பு, கிணறு, முன்னோரைப் புதைத்த இடம், வழிபடும் இடம் எல்லாம் சான்றுகளே. கோரிக்கையாளர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிவு செய்தால் அதுவும் சான்றுதான். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று எந்தக் குழுவும் வற்புறுத்தக் கூடாது. செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்று சொன்னாலும் அசராதீர்கள்; அந்தப் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணை நிற்கலாமே தவிர, அவற்றுக்கு மாற்றாகாது.

நீங்கள் பழங்குடியினர் என்பதால் மெய்ப்பிக்க வேண்டியது, 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்தது என்பதுதான். உங்கள் ஊரில் முதிர்ந்தவர்கள் இருக்கும்போதே அவர்களுடைய வாக்குமூலங்களைக் கிராம சபைத் தீர்மானத்தோடு பதிவு செய்துவிடுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று: உங்கள் கடிதத்தின் இறுதியில் "பட்டா தந்து உதவுமாறு" என்று எழுதியிருந்தீர்கள். சட்டத்தின் பெயரிலேயே இருக்கும் சொல் அங்கீகரித்தல். ஏற்கெனவே உங்களுடையதாக இருக்கும் உரிமையை அரசு ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறீர்கள். மனுவை அந்த நிமிர்வோடு எழுதுங்கள்.

கேள்வி: வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த நிலத்தைக் கணவர் என்னைக் கேட்காமல் விற்க முடியுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: முடியாது. உங்களைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த நிலத்தை விற்கவோ பிறருக்கு மாற்றவோ இயலாது. வாரிசுகளுக்கு மட்டுமே செல்லும். திருமணமானவர்களுக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகவே உரிமை பதிவாக வேண்டும். உங்கள் உரிமைப் பத்திரத்தில் உங்கள் பெயர் விடுபட்டிருந்தால், திருத்தக் கோரி மாவட்ட அளவிலான குழுவுக்கு மனு அனுப்புங்கள்.

கேள்வி: என் பெற்றோர் 1970-களில் நுவரெலியாவிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். கூடலூர் அருகே பிரிவு 17 நிலத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறோம். பட்டாவும் இல்லை, மின் இணைப்பும் இல்லை. வன உரிமைச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாதா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: பொருந்தாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது, ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மனம் வரவில்லை. பழங்குடியினர் அல்லாதோர், 2005 டிசம்பர் 13-க்கு முந்தைய மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு 1930-க்குப் போகிறது. அப்போது உங்கள் முன்னோர் இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் சிக்கலின் வேர் வேறிடத்தில் உள்ளது. கூடலூர்ப் பகுதியின் பெருநிலங்கள் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம் போன்ற ஜென்மிகளிடம், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களிடம், இருந்தன. அவற்றை அரசு எடுத்துக்கொள்ள 1969-இல் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஜென்மிகள் தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்த நிலங்களைப் பற்றிப் பேசுவது அதன் 17-ஆம் பிரிவு. சட்டம் வந்ததும் வழக்குகள் தொடங்கின. அந்த வழக்குகளின் தொடர்ச்சியாகத்தான், 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு நீதிமன்ற ஆய்விலிருந்து சட்டங்களைக் காக்கும் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007 ஜனவரி 11-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில்தான், உடைமை யாருடையதானாலும் காடு என்ற சொல்லின் பொருளுக்குள் அடங்குவதெல்லாம் காடே என்று 1996 டிசம்பர் 12-இல் உத்தரவு பிறந்தது. நாடு முழுவதற்கும் சட்டம் வகுத்த இரண்டு பெரிய தீர்ப்புகள் உங்கள் மண்ணிலிருந்து எழுந்திருக்க, அந்த மண்ணில் குடியிருப்பவர் வீட்டில் விளக்கு எரியவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. நீங்கள் வழிதவறி வந்தவர்களும் அல்லர். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நம் அரசுதான் உங்கள் குடும்பங்களை ஏற்றுக்கொண்டு அழைத்து வந்தது.

செய்யக்கூடியவை சில உண்டு. இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, பழைய பள்ளிச் சான்றுகள், தோட்டத்து ஊதியச் சீட்டுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். மின் இணைப்புக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு உரிமையாளரோடு அனுபவதாரரையும், அதாவது அங்கே குடியிருப்பவரையும், குறிப்பிடுகிறது. மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள், ஏனெனில் அதுதான் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டிய முதல் தாள். மனுவை உங்கள் தாயார் பெயரில் போடுவது நல்லது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருப்பதால், உதகையில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் அவர் வழக்கறிஞர் கேட்டுப் பெறலாம்.