விழுந்தது செவ்வாய், முகம் மறந்தது வெள்ளி

கல்முனையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவர் கேட்டதைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்:

"என்னுடையது ஐபோன் 11. போன செவ்வாய்க்கிழமை ஓட்டோவால் இறங்கும்போது கை நழுவி கார்பெட் வீதியில் விழுந்து, மேல் மூலையில் கண்ணாடி வெடித்துவிட்டது. மூன்று நாள் அப்படியே பாவித்தேன். வியாழன் இரவு அதிலேயே கரண்ட் பில்லும் கட்டினேன், வங்கி ஆப் முகத்தைப் பார்த்துத் திறந்தது. வெள்ளிக்கிழமை டிஸ்ப்ளே மாற்றினேன். அன்றிலிருந்து பேஸ் ஐடி இல்லை என்று காட்டுகிறது. இப்போது கதைக்கும்போது கன்னம் பட்டு மியூட் வேறு ஆகிவிடுகிறது. 'விழுந்த அடியில் உள்ளே போயிருக்கும்' என்கிறார் கடைத் தம்பி. ரீசெட் செய்து பார்க்கவா? வேறு கடைக்குக் கொண்டு போகவா?"

டீச்சர், முதலில் ஒரு வேலை. மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். அந்தக் கடைக்குப் போன் எடுத்து, உங்கள் பழைய டிஸ்ப்ளே இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் எறிய வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். உடைந்த டிஸ்ப்ளேக்களைச் சேர்த்து வாங்கிக்கொண்டு போக ஆட்கள் வருவார்கள். உங்கள் போனின் முகம் அந்தக் குப்பைப் பெட்டிக்குள் கிடக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்திலேயே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று, வியாழன் இரவு கட்டிய கரண்ட் பில். விழுந்து இரண்டு நாள் கழித்தும் முகம் வேலை செய்திருக்கிறது. இரண்டாவது, கன்னம் பட்டு மியூட் ஆவது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பழி வீதியில் விழவில்லை, கடை மேசையில்தான் விழுகிறது.

பேஸ் ஐடி என்பது ஒரு கமெரா மட்டும் அல்ல. 2017இல் ஐபோன் எக்ஸோடு வந்ததிலிருந்து அதில் மூன்று உறுப்புகள். ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகம் முழுக்கப் பாய்ச்சும் விளக்கு. கரண்ட் போன இரவில் கும்மிருட்டிலும் போன் உங்களை அடையாளம் காண்பது இதனால்தான். இரண்டாவது, 30,000க்கும் மேற்பட்ட ஒளிப்புள்ளிகளை முகத்தில் தூவி மேடு பள்ளத்தை அளக்கும் புள்ளிக் கருவி. மூன்றாவது, இவற்றைப் படம் பிடிக்கும் அகச்சிவப்புக் கமெரா. மூன்றும் அந்தப் போனின் மதர்போட்டோடு தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. இன்னொரு ஐபோன் 11இல் இருந்து கழற்றிப் போட்டால் மதர்போட் அதை ஏற்காது.

இப்போது கதையின் முடிச்சு. புள்ளிக் கருவியும் அகச்சிவப்புக் கமெராவும் போனின் உடம்போடு இருக்கின்றன. விளக்கு மட்டும், ஐபோன் எக்ஸ் தொடங்கி 12 வரிசை வரைக்கும், டிஸ்ப்ளேயின் முதுகில் இயர்பீஸோடு ஒட்டிய ஒரு பட்டியில் இருக்கிறது. நாங்கள் அதை இயர்பீஸ் பிளெக்ஸ் என்போம். காதருகே கொண்டுபோனதும் திரையை அணைக்கும் சென்சரும் அதே பட்டியில்தான். டிஸ்ப்ளே மாற்றுகிறவர் பழைய டிஸ்ப்ளேயில் இருந்து இந்தப் பட்டியை உரித்தெடுத்துப் புதியதில் ஒட்ட வேண்டும். முகமும் காதுச் சென்சரும் ஒரே நாளில் போனால் அந்தப் பட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதை உரிப்பது லேசான வேலை இல்லை. சூடு காட்டி, பசை இளகியதும் பிளாஸ்டிக் முனையால் மில்லிமீற்றர் மில்லிமீற்றராக நெம்ப வேண்டும். சூடு போதாவிட்டால் பட்டியின் வளைவில் ஒரு கீறல் விழும். வெறும் கண்ணுக்குத் தலைமயிர் ஒட்டியிருப்பது போலத்தான் இருக்கும், மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் செம்புக் கோடு அறுந்து கிடப்பது தெரியும். தொழில் பழகிய காலத்தில் நானே ஒன்றைக் கிழித்திருக்கிறேன். போனின் சொந்தக்காரர் முகத்தைப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே அந்தத் தம்பியில் எனக்குக் கோபம் இல்லை. 'விழுந்த அடி' என்று சொல்லித் தட்டிக்கழித்ததில்தான் வருத்தம்.

நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். யாருக்காவது அழைப்பு எடுத்து, ஸ்பீக்கர் போடாமல், திரையின் மேல் விளிம்பை உள்ளங்கையால் மூடுங்கள். திரை கறுக்க வேண்டும். கறுக்கவில்லை என்றால் சந்தேகம் பட்டியில். அப்புறம் முன்கமெராவில் போர்ட்ரெயிட் படம் ஒன்று எடுத்துப் பாருங்கள். பின்னணி மங்கி வந்தால் புள்ளிக் கருவி உயிரோடு இருக்கிறது, நல்ல சகுனம். டெம்பர் கிளாஸ் மேலே உள்ள கறுப்பு வெட்டை மறைக்கிறதா என்பதையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். சில வேளை வில்லங்கம் அவ்வளவுதான்.

ரீசெட்டைத் தொடாதீர்கள். பதிந்த முகத்தை அது அழித்துவிடும், புதிதாகப் பதியவோ மூன்று உறுப்பும் சரியாக இருக்க வேண்டும். போனை ஒருதரம் அணைத்துப் போடுவது மட்டும் பாதகமில்லை.

விழுந்த அடியால் உண்மையாகவே முகம் போவதும் உண்டு. அதன் முகக்குறி வேறு. முகத்தைப் பதியப் போனால் போனைக் கொஞ்சம் உயர்த்து, கொஞ்சம் தாழ்த்து என்று ஆட்டிவைத்துக்கொண்டே இருக்கும், பதியவே பதியாது. அப்போது சந்தேகம் புள்ளிக் கருவியிலும் அகச்சிவப்புக் கமெராவிலும். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் சேரும். விழுந்ததில் விளிம்பு மயிரிழை அளவு விலகினால் போதும், கடற்காற்று உள்ளே போய் உப்பு வேலையைத் தொடங்கிவிடும். காத்தான்குடி, ஒலுவில் பக்கமிருந்து வரும் போன்களைத் திறந்தால் இணைப்பியில் பச்சை பூத்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். அரிசிப் பானைக்குள் போட்டால் உப்பு போகாது.

சரி, கடைக்குப் போய் என்ன கேட்பது? "பழைய டிஸ்ப்ளேயின் இயர்பீஸ் பட்டியை என் போனுக்கு மாற்றினீர்களா, புதிய டிஸ்ப்ளேயோடு வந்ததையே விட்டுவிட்டீர்களா?" என்று கேளுங்கள். புதியதையே விட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பழைய பட்டியைத் திரும்பப் போட்டதும் முகம் வந்துவிடும். மாற்றும்போது கிழிந்திருந்தால், விளக்குத் துண்டை மட்டும் பெயர்த்துப் புதிய பட்டியில் சோல்டர் பண்ண வேண்டும். மைக்ரோஸ்கோப்பின் கீழ் செய்யும் வேலை அது, எல்லாக் கடையிலும் கை வராது. இங்கே ஆள் கிடைக்காவிட்டால் கொழும்புக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது கிழிந்த பட்டியையும் கூடவே வையுங்கள், அது இல்லாமல் அந்தச் சோல்டர் வேலையைச் செய்ய முடியாது. "டிஸ்ப்ளேயை இன்னொருதரம் மாற்றினால் சரிவரும்" என்று யாராவது சொன்னால் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

போனை மூடும்போது புதிய ஒட்டு வளையம் போடச் சொல்லுங்கள். ஐபோன் 11 இரண்டு மீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது திறக்காத போனுக்கு. திறந்த போனோடு பாசிக்குடாவில் இறங்க வேண்டாம்.

உங்கள் தம்பியின் அண்ட்ரொய்ட் போனும் விழுந்தபின் முகத்துக்குத் திறப்பதில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலான அண்ட்ரொய்ட்களில் இந்தக் கூத்து எதுவும் இல்லை, சாதாரண செல்பி கமெராதான் முகத்தைப் பார்க்கிறது. செல்பி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படம் மங்கல் என்றால் கமெராவை மாற்றினால் போதும், செலவும் குறைவு. படம் தெளிவாக வந்தால் பழைய முகப்பதிவை அழித்து மறுபடி பதியலாம், அங்கே அதில் ஆபத்தில்லை.

பழைய டிஸ்ப்ளே ஏற்கெனவே கைமாறிவிட்டது என்றால், டீச்சர், சாதாரணக் கடைகளில் அந்தப் போனின் பேஸ் ஐடியை மீட்க வழி இல்லை. ஆறு இலக்கக் குறியீட்டோடு எல்லாம் ஓடும், வங்கி ஆப்பும் தன் இரகசிய நம்பரைக் கேட்டுத் திறக்கும். தொல்லை என்று குறியீட்டையே எடுத்துவிடாதீர்கள். புதிய பட்டி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். முகம் வராது, ஆனால் காதுச் சென்சருக்கு ஜோடிக் கணக்கு இல்லை. கன்னம் பட்டு மியூட் ஆவதாவது நிற்கும்.