டியூஷன் வழியில் சிப்ஸ் வாங்கும் பையன்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். டியூஷன் போகும் வழியில் தினமும் சிப்ஸும் கூல்டிரிங்ஸும் வாங்குகிறான். திட்டினால், காலி பாக்கெட்டைப் பைக்குள் ஒளித்து வைக்கிறான். எப்படிப் புரியவைப்பது?

பதில்: திட்டுவதை நிறுத்துங்கள். அதில் அவன் கற்றுக்கொண்டது ஒளித்து வைக்க மட்டும்தான்.

அடுத்த முறை பாக்கெட்டை அவனிடமே கொடுத்து, பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சேர்த்த பொருட்களில் எடை அதிகமானதை முதலில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஜூஸ் பாட்டிலில் தண்ணீர், சர்க்கரைக்கு அப்புறம்தான் பழம் வருகிறதா என்று அவனே பார்க்கட்டும். பாக்கெட் 50 கிராம் இருக்கும். ஆனால் உப்பு, கொழுப்பு அளவை ‘ஒரு பரிமாறல்’ (serving, ஒரு தடவை சாப்பிடும் அளவு) என்று 20 கிராமுக்குத்தான் கணக்குக் காட்டியிருப்பார்கள். முழுப் பாக்கெட்டையும் தின்பவனுக்கு அது இரண்டரை மடங்கு. அம்மா சொன்னால் ஏறாதது, ‘கம்பெனிக்காரன் நம்மை ஏமாற்றப் பார்க்கிறான்’ என்றால் இந்த வயதில் சட்டென்று உறைக்கும்!

உப்புக்கு ஒரு எளிய வழி: லேபிளில் உள்ள சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் கீழ்தான் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோலா வகைகளில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. அப்படியானால் 250 மில்லி பாட்டிலில் 25 கிராம், ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன். அவ்வளவு சர்க்கரையை ஒரு டம்ளரில் அவனையே அளந்து போடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பிரசங்கம் செய்ய வேண்டாம்.

இவ்வளவும் சரி, பசியோடு இருப்பவனிடம் லேபிள் எடுபடாது. மதியம் சாப்பிட்டதோடு சரி, சாயங்காலம் பசியோடு கடை வழியாகப் போகிறான், பாவம். கிளம்பும் முன் சுண்டலோ, அவித்த முட்டையோ, இரண்டு இட்லியோ வயிற்றுக்குள் போகட்டும். சுண்டல் பிடிக்காது என்றால் மாங்காய், தேங்காய் போட்டு அவனையே தாளிக்கச் சொல்லுங்கள். தானே செய்ததைப் பிள்ளைகள் அவ்வளவாகக் குறை சொல்வதில்லை.

வாரத்தில் ஒரு நாள் இஷ்டப்பட்டதை வாங்கிக்கொள்ளட்டும், அன்று கேள்வி கேட்காதீர்கள். ‘குண்டாகிவிடுவாய்’ என்ற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். எடையைப் பற்றிக் கவலை இருந்தால், அவன் காதில் விழாமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள்.